ஓரத்து வெள்ளை

என் வேலை மேசையின் மேல் இழுப்பறையில் ஒரு காகிதப் பட்டை கிடக்கிறது. அரை மீட்டர் நீளம், இரண்டு விரல் அகலம். தடித்த வெள்ளைக் காகிதம். இடது கோடியில் பென்சிலால் 88/150 என்று எழுதியிருக்கிறது. வலது கோடியில் ஒரு கையெழுத்து. நடுவில் ஒன்றுமில்லை. 2004-இல், லண்டனுக்கு வந்த மூன்றாம் மாதம், நானே கத்தி வைத்து அறுத்தெடுத்த பட்டை அது.

படங்களுக்கு ஃபிரேம் போடுவது என் தொழில். பதினாறு வயதில் சென்னை தேவராஜ முதலி தெருவில் ஒரு பாயிடம் எடுபிடியாகச் சேர்ந்தேன். கண்ணாடிக் கடைகளும் படக் கடைகளும் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் தெரு அது. சிவகாசியில் அச்சான முருகனும் லட்சுமியும் கட்டுக் கட்டாக வந்து இறங்குவார்கள். சாமிப் படங்கள் வரைந்த கோவில்பட்டி கொண்டையராஜு காலமானது 1976-இல். நான் வேலைக்குப் போனது தொண்ணூறுகளில். அப்போதும் கடைக்கு வரும் சாமி முகங்களில் பாதிக்கு மேல் அவர் வழி வந்த முகங்களாகத்தான் இருந்தன.

பாய் எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் வேலை ஓரம் வெட்டுவது. அச்சுத் தாளைச் சுற்றி விரற்கடை அகலத்துக்கு வெள்ளை இருக்கும். அதில் அச்சகத்தின் பெயரும் மை சரிபார்க்கும் வண்ணக் கட்டங்களும் இருக்கும். "வெள்ளை தெரிஞ்சா காலண்டர்னு தெரிஞ்சிரும்டா. கூசாம வெட்டு" என்பார். வெட்டிய படத்தின் முதுகு முழுக்க மைதாப் பசை தடவி ஹார்டுபோர்டில் ஒட்டி, துணியால் காற்றுக் குமிழைத் தள்ளி, மேலே கண்ணாடி, சுற்றிலும் பீடிங், பின்னால் எட்டு ஆணி. ஒரு நாளில் நாற்பது படம் முடிப்போம்.

மனைவிக்கு லண்டனில் நர்ஸ் வேலை கிடைத்தது. நானும் கூடவே போனேன். ஹாக்னியில் ரயில் பாலத்து வளைவு ஒன்றுக்குள் இருந்த ஃபிரேம் கடையில் எனக்கு இடம் கிடைத்தது. தலைக்கு மேலே ரயில் போகும்போதெல்லாம் கண்ணாடி அடுக்குகள் லேசாகக் கிணுகிணுக்கும். என் பீடிங் வெட்டும் மூலைப் பொருத்தமும் முதலாளிக்குப் பிடித்திருந்தன. ஒரு நாள் ஒரு படத்தை மேசையில் வைத்துவிட்டு, "இதை முடித்துவை" என்று சொல்லி வெளியே போனார். கடையில் தயாராக இருந்த ஃபிரேமுக்குப் படம் ஒரு பக்கம் இரண்டு விரல் நீளமாக இருந்தது. கீழே சும்மா வெள்ளை. அதில் யாரோ பென்சிலால் கிறுக்கியிருந்தார்கள். கூசாமல் வெட்டினேன்.

முதலாளி திரும்பி வந்து பார்த்தார். சத்தம் போடவில்லை. குப்பைக் கூடையிலிருந்து அந்தப் பட்டையை எடுத்து மேசையில் நீட்டி வைத்து, என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். 150 என்பது அந்தப் படம் மொத்தம் எத்தனை பிரதி அச்சானது என்ற கணக்கு. 88 என்பது அவற்றில் இது எந்தப் பிரதி என்ற அடையாளம். கையெழுத்து ஓவியருடையது. ஒவ்வொரு பிரதியையும் கையில் எடுத்துப் பார்த்து, சரி என்று தோன்றியதில் மட்டும் பென்சில் வைத்திருக்கிறார். அதை நான் அறுத்துவிட்டேன். படத்துக்குச் சொந்தக்காரர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. முதலாளி தன் கையிலிருந்து அவருக்குப் பணம் கொடுத்தார். அவர் பணத்தை வாங்கிக்கொண்டு போனார், பிறகு கடைப் பக்கம் வரவில்லை. ஓரம் போன அந்தப் படம் இன்றும் என் மேசைக்கு மேலே தொங்குகிறது. எழுதும்போது தலையைத் தூக்கினால் அதுதான் கண்ணில் படும்.

அன்று தொடங்கி இருபது ஆண்டுகளாக என் கைக்கு வருபவற்றில் பெரும்பகுதி தெரு ஓவியர்களின் படங்கள். நான் போய்ச் சேர்ந்த நேரம் அப்படி. ஷோர்டிட்ச், பிரிக் லேன், ரிவிங்டன் தெரு என்று கிழக்கு லண்டன் சுவரெங்கும் ஸ்டென்சிலும் ஸ்ப்ரேயும் ஒட்டுப் படமுமாக இருந்தது. இரவில் சுவரில் வரைந்தவர்கள் பகலில் ஸ்கிரீன் பிரிண்ட் போட்டு விற்றார்கள். தெரு ஓவியர் பாங்க்ஸியின் படங்களை அச்சிட்டு விற்க 2003-இல் பிக்சர்ஸ் ஆன் வால்ஸ் என்ற நிறுவனம் தொடங்கியிருந்தது. அங்கே ஸ்கிரீன் பிரிண்ட் போட்ட பென் ஐன் பிறகு தன் பெரிய பெரிய எழுத்துகளால் பேர் வாங்கினார். 2010-இல் பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் கேமரன் அமெரிக்காவுக்குப் போனபோது ஒபாமாவுக்குப் பரிசாக எடுத்துப்போனது ஐன் வரைந்த படத்தைத்தான்.

பாங்க்ஸியின் பலூன் சிறுமி 2004-இல் அச்சுப் படமாக வந்தது. கையெழுத்துடன் 150, கையெழுத்தில்லாமல் 600. அப்போது அதை வாங்கியவர்கள் பணக்காரர்கள் அல்லர். கடையில் அட்டைக் குழாயோடு வந்து நின்றவர்கள் ஆசிரியர்கள், சமையற்காரர்கள், சைக்கிளில் தபால் கொடுப்பவர்கள், புதிதாகக் குடித்தனம் வைத்த பிள்ளைகள். அவர்கள் வீடுகளும் எனக்குத் தெரியும். படத்தைக் கொண்டுபோய் மாட்டிக்கொடுப்பதும் என் வேலை என்பதால் நூற்றுக்கணக்கான வீடுகளுக்குள் ஆணியும் சுத்தியலுமாகப் போயிருக்கிறேன். ஒரே அறை, அதில் கட்டில், அதற்கு எதிரே அடுப்பு. இங்கிலாந்தில் ஒருவருக்கென்று புதிதாகக் கட்டும் வீட்டுக்கு 37 சதுர மீட்டர் இருந்தால் போதும் என்று அரசு அளவு வைத்திருக்கிறது. நம் கணக்கில் 400 சதுர அடி. பழைய வீடுகளில் அதைவிடச் சின்னதும் உண்டு. அலமாரியும் கதவும் ஜன்னலும் ஹீட்டரும் போக, படம் மாட்ட மிஞ்சும் சுவர் ஒன்றோ இரண்டோதான்.

பிறகு விலை ஏறியது. அந்தச் சிறுமியின் அச்சுப் படம் பல்லாயிரம் பவுண்டுக்குப் போகத் தொடங்கியதும் கடைக்கு வருபவர்களின் பேச்சு மாறிவிட்டது. ஃபிரேம் வேண்டாம், குழாயைப் பிரிக்கவே வேண்டாம், கட்டிலுக்கு அடியில் வைத்துப் பத்து வருஷம் கழித்து விற்கலாமா என்று கேட்டார்கள். அப்படி வைத்த குழாய்களைப் பிறகு பிரித்தவனும் நான்தான். இறுகச் சுருட்டிய தாள் அந்தச் சுருளையே தன் உருவமாக்கிக்கொள்ளும். தடித்த மை இருக்கும் இடத்தில் மயிரிழை போல விரிசல் விடும். எதிர்ப்பக்கமாகச் சுருட்டி நிமிர்த்தப் பார்ப்பவர்கள் அந்த விரிசலைத் தாங்களே பெரிதாக்குகிறார்கள். நான் செய்வது இவ்வளவுதான்: அமிலமில்லாத மெல்லிய தாள்களுக்கு நடுவே படுக்கவைத்து, மேலே சமமான பாரம் ஏற்றி, நாலைந்து நாள் அதன் பக்கமே போகமாட்டேன். காகிதம் தானாக மூச்சு விட்டு இறங்கும்.

சுவரில் வழிப்போக்கர்களுக்காக வரையப்பட்ட ஒன்றைக் குழாய்க்குள் இருட்டில் அடைத்துவைப்பது எனக்கு மனசுக்கு ஆகாத காரியம். சுவரில் மாட்ட முடியாத படத்தை வாங்காதீர்கள் என்று வருகிற எல்லோரிடமும் சொல்வேன். சின்ன வீட்டுக்காரர்களிடம் இதை இன்னும் அழுத்திச் சொல்வேன். இடம் இல்லை என்பதே அவர்களுக்கு ஒரு நல்ல சல்லடை. ஒரே ஒரு படத்துக்குத்தான் இடம் என்றால், அடுத்த வருஷம் என்ன விலைக்குப் போகும் என்று கேட்கமாட்டீர்கள். காலையில் பல் துலக்கிக்கொண்டு வரும்போது கண்ணில் பட்டால் பிடிக்குமா என்றுதான் கேட்பீர்கள்.

அளவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தெரு ஓவியர் ஷெப்பர்ட் ஃபெய்ரியின் ஓபே படங்கள் பெரும்பாலும் 18-க்கு 24 அங்குலம். சின்ன வீட்டுக்கென்றே அளந்து செய்தது போல இருக்கும். படத்தைச் சுற்றி மவுண்ட் அட்டை விட்டு ஃபிரேம் போட்டாலும் கதவுக்கும் அலமாரிக்கும் நடுவே உட்கார்ந்துவிடும். ஒரு மீட்டர் உயரப் படத்தை ஆசைப்பட்டு வாங்கி, வீட்டுக்குப் போய் எங்கும் பொருந்தாமல் குளியலறையில் மாட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஈரம் தாள் முழுவதையும் அலை அலையாக்கிவிடும். வாங்குவதற்கு முன் பழைய செய்தித்தாளைப் படத்தின் அளவுக்கு வெட்டிச் சுவரில் ஒட்டி ஒரு வாரம் அதோடு குடியிருந்து பாருங்கள். ஃபிரேமுக்கும் மவுண்டுக்கும் சேர்த்து நாலு பக்கமும் நாலு விரல் கூட்டி வெட்டுங்கள்.

கையில் பிடிப்பதிலும் கவனம் வேண்டும். ஒரு கையால் காகிதத்தின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் கட்டைவிரல் அழுந்திய இடத்தில் பிறை போல ஒரு வடு விழும். தாள் தடிப்பாக இருந்தாலும் வடு விழும். அது போகவே போகாது. ஓவியத்தை விலைபேச வருபவர் முதலில் தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடிப்பது இந்தப் பிறைகளை எண்ணத்தான். கைகளைக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டு, இரண்டு கைகளையும் அடியில் கொடுத்துப் பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்க வேண்டும்.

ஸ்கிரீன் பிரிண்டா, மெஷினில் எடுத்த பிரதியா என்று கேட்பார்கள். பூதக்கண்ணாடியை வைத்தால் தெரிந்துவிடும். ஸ்கிரீன் பிரிண்டில் நிறம் ஒரே பரப்பாக, பூசியது போல இருக்கும். ஒரு நிறத்தின் மேல் இன்னொன்று ஏறிய ஓரத்தை விரல் நுனியால்கூட உணரலாம் (தொடாதீர்கள், சொல்லத்தான் சொன்னேன்). இங்க்ஜெட் பிரதியில் மணலைத் தூவியது போலப் புள்ளிகள் இருக்கும். இங்க்ஜெட் என்பதால் மட்டம் இல்லை. நல்ல பிக்மெண்ட் மையும் பஞ்சுக் காகிதமும் என்றால் நெடுங்காலம் நிற்கும். ஆனால் இன்னது என்று சொல்லி விற்க வேண்டும். வெல்ஸ் ஊர் ஆலையில் செய்யும் சாமர்செட் காகிதம் என் கைக்கு நிறைய வரும். பஞ்சால் ஆனது, ஓரம் பிசிறு பிசிறாக இருக்கும். அந்தப் பிசிறும் அழகு என்பதால் அதன் மேல் மவுண்டை ஏற்றி மறைக்காமல் படத்தை மிதப்பது போல நிறுத்திவைப்போம்.

அந்த மிதப்புதான் எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த இடம். படத்தைத் தாங்கும் கீல்களை ஜப்பானிய மெல்லிய தாளில் செய்வோம். அந்தத் தாளை வெட்டக்கூடாது. தண்ணீர் தொட்ட தூரிகையால் கோடு போட்டுக் கிழிக்க வேண்டும். அப்போதுதான் ஓரத்தில் நார் நாராக நிற்கும். வெட்டிய ஓரம் என்றால் படத்தின் முன்பக்கத்தில் கோடாகத் தெரிந்துவிடும். கட்டைவிரல் நகம் அளவுக்கு இரண்டே துண்டு. படத்தின் முதுகில், மேல் ஓரத்தில், கோதுமைப் பசையால் ஒட்டுவேன். பசை தயிரைவிடக் கொஞ்சம் கெட்டியாக இருக்க வேண்டும். அதிகமானால் ஈரம் முன்பக்கம் எட்டிப் பார்க்கும். ஒட்டியதும் உறிஞ்சு தாளை வைத்துச் சின்னப் பாரம். அது காய்ந்த பிறகு இரண்டு துண்டுகளையும் பின்னட்டையில் ஒட்டினால், முழுப் படமும் அந்த இரண்டு நகங்களில் தொங்கும். கீழ்ப்பக்கம் சும்மா விட்டுவிடுவேன். மழைக்காலத்தில் காகிதம் விரியும், ஹீட்டர் போட்டால் சுருங்கும். அதற்கு இடம் வேண்டும்.

கீல் எப்போதும் படத்தைவிடப் பலவீனமாக இருக்க வேண்டும் என்று முதலாளி சொல்லிக்கொடுத்தார். ஆணி கழன்று ஃபிரேம் விழுந்தால் கீல் கிழியட்டும், படம் கிழியக்கூடாது. நாளைக்கு இன்னொரு ஃபிரேம்காரன் வந்து பிரிக்க நினைத்தால், ஈரப் பஞ்சை ஐந்து நிமிஷம் வைத்தால் கழன்று வர வேண்டும். பாய் கடையின் மைதாப் பசையும் அதே கோதுமைதான். மைதாவைக் கழுவிப் பசையத்தை எடுத்துவிட்டு மிஞ்சும் மாவுச்சத்தை இங்கே காய்ச்சுகிறார்கள், அவ்வளவே வித்தியாசம். பாயை நான் குறை சொல்லமாட்டேன். அவர் படங்கள் ஊதுபத்திப் புகையிலும் கடற்காற்றிலும் அசையாமல் நிற்க வேண்டியவை. முதுகு முழுக்கப் பசை போட்டதால்தான் நின்றன. ஆனால் அவற்றை இனி யாராலும் பிரிக்க முடியாது. போன தடவை ஊருக்குப் போனபோது அம்மாவின் பழைய முருகன் படத்தைப் புதிய ஃபிரேமுக்கு மாற்றலாம் என்று இறக்கினேன். முதுகு பழுப்பேறிவிட்டது. ஹார்டுபோர்டின் அமிலம் தாளுக்குள் ஏறி, மயிலின் கழுத்து நீலம் பச்சையாகிக்கொண்டிருந்தது. ஒரு மூலையில் ஈரப் பஞ்சு வைத்துப் பார்த்தேன். நீலம் பஞ்சில் வந்தது. நிறுத்திவிட்டு, அதே ஃபிரேமில் திரும்பப் போட்டு, அதே ஆணியில் மாட்டினேன்.

வெளிச்சம் பொல்லாதது. தெரு ஓவியர்களுக்குக் கண்ணைப் பறிக்கும் ரோஸும் மஞ்சளும் பிடிக்கும். அந்த ஒளிரும் மைகள்தான் முதலில் சாகும். தெற்குப் பார்த்த ஜன்னலுக்கு எதிரே மாட்டிய ஒரு படத்தில் ரோஸ் இரண்டே கோடையில் பழைய துணி நிறத்துக்கு வந்தது. புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி போட்டிருந்தேன். அது புற ஊதாவைத் தடுக்கும், வெயிலைத் தடுக்காது. இதை வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லாதது என் பிழை. இப்போது மாட்டப் போகும் வீட்டில் முதலில் ஜன்னல் எந்தத் திசை என்று பார்க்கிறேன். அடுத்து, எந்தச் சுவர் வெளிச்சுவர் என்று தடவிப் பார்க்கிறேன். லண்டன் குளிரில் வெளிச்சுவர் வியர்க்கும். ஒரே அறையில் சமையலும் துணி காயப்போடுவதும் நடக்கும் வீட்டில் கேட்கவே வேண்டாம். ஃபிரேமின் பின்புறம் சுவரோடு ஒட்டினால் ஒரு குளிர்காலத்துக்குள் பூஞ்சை பிடிக்கும். நாலு மூலையிலும் தக்கைத் துண்டு ஒட்டிக் காற்றோட விடுவேன். கண்ணாடியும் படத்தைத் தொடக்கூடாது. நடுவே மெல்லிய இடைக்கட்டை வேண்டும். தொட்டால் மை கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

அசல் ஓவியங்கள் இன்னொரு உலகம். சின்ன வீட்டுக்காரர்கள் அசல் என்றதும் பயப்படுவார்கள். பயப்பட வேண்டியதில்லை. தெரு ஓவியர்கள் கைக்குக் கிடைத்ததில் எல்லாம் வரைவார்கள். மேசை இழுப்பறையின் முகப்பு, அலமாரிக் கதவு, பெட்டி அட்டை, பழைய சாலைப் பலகை. சுவருக்கென வெட்டிய ஸ்டென்சிலை முதலில் அட்டையில் அடித்துப் பார்ப்பார்கள். அந்தச் சோதனை அட்டைகளைச் சில வேளை அவர்களே நல்ல விலைக்குக் கொடுப்பார்கள். அட்டை என்றால் ஒரு கவலை உண்டு. மடிப்பு மடிப்பான பெட்டி அட்டை அமிலம் நிறைந்தது, வருஷம் போகப் போக அப்பளம் போல ஆகும். அதைச் சரிசெய்ய முடியாது, வேகத்தைத் தணிக்கலாம். வெயில் படாத சுவர், பின்னால் அமிலமில்லாத பலகை. மரக்கதவில் வரைந்தது என்றால் கனம். லண்டன் வீடுகளின் உள்சுவர் பல இடங்களில் வெறும் ஜிப்சம் பலகை. விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, உள்ளே மரச்சட்டம் எங்கே ஓடுகிறது என்று கண்டுபிடித்து, அதில்தான் திருகாணி போட வேண்டும்.

ஒரு வகை அசலுக்கு மட்டும் நான் ஃபிரேம் போடமாட்டேன். ஒரு பையன் பிரிக் லேன் பக்கத்துச் சந்து ஒன்றிலிருந்து ஒட்டுப் படத்தை ஈரத்தோடு உரித்துக்கொண்டு வந்தான். பின்னால் செங்கல் பொடியும் அதற்கு முன் ஒட்டிய போஸ்டர்களின் அடுக்கும் இருந்தன. ஓவியரின் பெயரும் அவனுக்குத் தெரிந்திருந்தது. "மழையில் எப்படியும் போய்விடும், நான் காப்பாற்றினேன்" என்றான். அவன் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் கீத் ஹேரிங் நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களில் விளம்பரம் இல்லாத கருப்புத் தாள்களில் சாக்கட்டியால் வரைந்ததில், உரித்துக்கொண்டு போனவர்களிடம் இருந்தவைதான் தப்பின. ஆனால் பிறகு அதே ஹேரிங் 1986-இல் பாப் ஷாப் என்று கடையே திறந்து, சட்டையும் பேட்ஜும் போஸ்டருமாக எல்லோர் கைக்கும் எட்டும்படி வைத்தார். வாங்க வேண்டியது அந்த வழியில்தான் என்று நினைக்கிறேன்.

2012 மே மாதம் வடக்கு லண்டன் வுட் கிரீனில் ஒரு கடையின் பக்கச் சுவரில் பாங்க்ஸி ஒரு சிறுவனை வரைந்திருந்தார். மண்டியிட்டுத் தையல் மெஷினில் பிரிட்டிஷ் கொடிகளைத் தைத்துக்கொண்டிருப்பான். பஸ்ஸில் போகும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன். அடுத்த பிப்ரவரியில் அந்த இடத்தில் சாந்து பூசிய சதுரம் மட்டும் இருந்தது. சுவரோடு பெயர்த்துவிட்டார்கள். படம் மயாமியில் ஏலப் பட்டியலில் வந்தது. ஊர்க்காரர்கள் கொதித்து எழுந்ததால் அந்த ஏலத்திலிருந்து விலக்கப்பட்டு, பிறகு லண்டனிலேயே விற்பனைக்கு வந்தது. அந்தச் சதுரத்தின் முன் நின்ற நாள் எனக்கு நினைவிருக்கிறது. பக்கத்தில் ஒரு பாட்டி, பேரனிடம் படம் இருந்த இடத்தை விரலால் காற்றில் வரைந்து காட்டிக்கொண்டிருந்தார். பாங்க்ஸிக்காகச் சான்று தரும் பெஸ்ட் கண்ட்ரோல் அமைப்பு தெருவிலிருந்து பெயர்த்ததற்குச் சான்றே தருவதில்லை. அச்சுப் படங்களுக்குத் தரும் சான்றிதழில் டயானா முகம் போட்ட போலிப் பத்து பவுண்டு நோட்டு ஒன்றைக் கிழித்து, பாதியை இணைத்திருப்பார்கள். மறுபாதி அவர்களிடம். என் கடைக்கு அப்படி ஒன்று வந்தால், சான்றிதழை ஃபிரேமுக்குள் போட்டு மூடிவிடாமல் தனி உறையில் போட்டு வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள் என்று சொல்வேன். மற்ற ஓவியர்கள் என்றால் வாங்கிய ரசீது, விற்றவர் அனுப்பிய கடிதம், இரண்டும் போதும். அவை இல்லாமல் கதை மட்டும் சொல்பவரிடம் வாங்காதீர்கள்.

2018 அக்டோபர் 5 இரவு முதலாளி போன் செய்தார். ஓய்வு பெற்றுக் கடற்கரை ஊருக்குப் போயிருந்தார். சோதபீஸ் ஏலத்தில் பலூன் சிறுமி பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் போய், சுத்தியல் விழுந்ததும் ஃபிரேமுக்குள்ளிருந்த கத்திகள் ஓடி, கேன்வாஸ் பாதிவரை கீற்றுக் கீற்றாகக் கீழே இறங்கியதை அதற்குள் உலகமே பார்த்துவிட்டது. "படத்தை விடு, ஃபிரேமைப் பார்" என்றார். பார்த்தேன். அந்த அளவுப் படத்துக்கு அத்தனை ஆழமான தங்கச் சட்டம் தேவையே இல்லை. தூக்கிய கைகளுக்குக் கனம் தெரிந்திருக்கும். எத்தனை பேர் கையில் மாறியிருக்கும், ஒருவருக்கும் பின்பக்கத்தைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லையே என்று இரண்டு பேரும் வெகுநேரம் பேசினோம். மூன்று வருஷம் கழித்து அதே படம் 1 கோடியே 85 லட்சம் பவுண்டுக்கு விற்றது. அவ்வளவு பணத்தை என்னால் மனத்தில் ஏற்றிப் பார்க்க முடியவில்லை. பின்பக்கத்தைத் திறந்து பார்க்கும் வழக்கம் மட்டும் அன்றிலிருந்து எனக்கு உறுதிப்பட்டுவிட்டது. யார் கொண்டுவந்தாலும், எவ்வளவு புதிய ஃபிரேம் என்றாலும், முதலில் கவிழ்த்துப் போட்டுப் பின்னட்டையைக் கழற்றுவேன். மாஸ்கிங் டேப்பும் பெவிகால் போன்ற பசைகளும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

எங்கள் ஹாக்னிக்காரர் ஸ்டிக். ஆறு கோடு, இரண்டு புள்ளியில் மனித உருவம் போடுபவர். ஒரு காலத்தில் வீடில்லாமல் இருந்தவர். 2020-இல் ஹாக்ஸ்டன் சதுக்கத்தில் இரண்டு உருவங்கள் கைகோத்து நிற்கும் சிலையை வைத்தார். அதன் அச்சுப் படம் ஹாக்னியின் வீடுகளுக்கெல்லாம் இலவசமாகப் போய்ச் சேர ஏற்பாடு செய்தார், ஏறத்தாழ ஒரு லட்சம் பிரதி. ஒரு பகுதி வீடு சேருமுன்பே களவு போய் இணையத்தில் விலைக்கு வந்தது. அது நெஞ்சை அறுத்த செய்தி. ஆனால் சேர்ந்தவை சேர்ந்தன. அந்தக் குளிர்காலத்தில் அடுக்குமாடிகளிலிருந்து, வாழ்நாளில் ஒரு படமும் வாங்கியிராதவர்கள் அதைக் கையில் ஏந்திக்கொண்டு கடை வாசலில் இடைவெளி விட்டு நின்றார்கள். மிச்ச பீடிங்கிலும் மிச்சக் கண்ணாடியிலும் செய்து, கூலி வாங்காமல் கொடுத்தேன். ஒவ்வொருவரிடமும் ஓரத்து வெள்ளையை வெட்டவேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

போன இலையுதிர் காலத்தில் யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி வந்தாள். ஈஸ்ட் ஹாமில் மருந்துக்கடையில் வேலை, பக்கத்திலேயே ஒற்றை அறையில் குடியிருப்பு. முதல் சம்பள மிச்சத்தில் ஒரு ஸ்கிரீன் பிரிண்ட் வாங்கியிருந்தாள். சுவரேறி நிற்கும் ஒரு பறவை, கருப்பும் ஒரே ஒரு சிவப்பும்.

"அண்ணா, இதுக்குக் கண்ணாடி கட்டாயம் போடத்தான் வேணுமோ?" என்றாள்.

அவள் பயந்தது விலைக்கு அல்ல, பளபளப்புக்கு. அறையில் ஒரே சுவர்தான் காலி. அதற்கு நேர் எதிரே ஜன்னல். மாட்டினால் படத்தில் பறவை தெரியாது, பஸ் போவதுதான் தெரியும். எதிரொளி இல்லாத கண்ணாடி இருக்கிறது. அதன் விலை படத்தின் விலையை மிஞ்சும். கண்ணாடியே இல்லாமல் விட்டால் சமையல் எண்ணெய்ப் புகை தாளில் படியும். அவள் வீட்டுக்குப் போய் நின்று பார்த்தபோதுதான் அம்மா வீட்டுச் சுவர் நினைவுக்கு வந்தது. நம் வீடுகளில் சாமிப் படம் சுவரோடு ஒட்டி நிற்காது. ஆணி உயரத்தில் இருக்கும், கீழ்ச்சட்டம் சுவரில் இரண்டு கட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கும், படம் தலை குனிந்து நம்மைப் பார்க்கும். தேவராஜ முதலி தெருவில் ஆயிரக்கணக்கில் அப்படிக் கொக்கி போட்டிருக்கிறேன், ஏன் என்று கேட்டதே இல்லை. படம் குனிந்தால் ஜன்னல் வெளிச்சம் கண்ணுக்கு வராமல் தரைக்குப் போய்விடும்.

சாதாரணக் கண்ணாடியே போட்டேன். பின்னால் வளையங்களை வழக்கத்தைவிடக் கீழே இறக்கி, கயிற்றை நீளமாக விட்டேன். வளையம் இறங்க இறங்கச் சாய்வு கூடும். கீழே இரண்டு மரக்கட்டை. மாட்டிவிட்டுக் கட்டிலில் உட்காரச் சொன்னேன். பறவை தெரிந்தது, பஸ் தெரியவில்லை.

தைப்பொங்கல் கழிந்து போன் செய்தாள். "அண்ணா, ஊரிலயிருந்து அம்மா வந்து நிக்கிறா. சாய்ஞ்சு நிக்கிறதைப் பார்த்திட்டு, சாமிப்படம் எண்டு நினைச்சுப் பூ வைச்சிட்டா. எடுக்கச் சொன்னாலும் கேக்கிறா இல்லை. பூவில தண்ணி இருக்கு, படம் பழுதாப் போடுமோ?"

ஈரம் வடியாதபடி துடைத்துவிட்டு வைக்கட்டும், கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவில் செருக வேண்டாம், மேல்சட்டத்தில் ஒரு சின்னக் கொக்கி அடித்துத் தருகிறேன், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன்.